சீமைக்கருவேலும் எங்கள் கண்மாயும்: ஒரு கூட்டமைப்பின் இருபது வருஷக் கதை



நம்ம ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் இருபதாம் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேணும் என்று தலைவி கேட்டபோது, "கடன் கணக்கு, சேமிப்புக் கணக்கு எழுதித் தரவா?" என்றேன். "அது ஆண்டறிக்கையில் வந்துரும் அக்கா. நீங்க கண்மாய் கதையை எழுதுங்க. நடந்தது நடந்தபடி எழுதுங்க" என்றாள். நான் பதினோரு வருஷம் கணக்காளராக இருந்தவள். வரவு எழுதினால் பக்கத்திலேயே செலவும் எழுதியாக வேண்டும். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டம் ராமநாதபுரம். வேலையில் தப்புச் செய்தவரை "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மிரட்டுவார்களே, அந்தக் காடு நாங்கள்தான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழைதான் வருஷம் முழுவதுக்கும். அந்த மழையைப் பிடித்து வைக்கத்தான் நம் முன்னோர் கண்மாய் வெட்டினார்கள். எங்கள் பக்கம் ஒரு கண்மாயின் கலுங்கில் வழிகிற தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்ததுக்கு. மேலூர் கண்மாயின் வரத்துக்கால் அடைபட்டால் கீழூரில் குடிக்கத் தண்ணி இருக்காது.

நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தது 1986-இல். அதற்கு முந்தின வருஷம்தான் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். என் பிறந்த வீடு சாயல்குடிப் பக்கம். அய்யா பனையேறி. ஆத்தா பதநீர் காய்ச்சுவார். பதநீர் இறங்குகிற மாசங்களில் அடுப்பு அணையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்களுக்கு ஒரே வேலை, விறகு பொறுக்குவது. அந்த விறகு சீமைக்கருவேல். எங்கள் பக்கம் வேலிக்கருவை என்றும் சொல்வார்கள். என் இடது குதிகாலில் அந்த முள் தைத்து, சீழ் வைத்து, அறுத்து எடுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனாலும் அந்த மரத்தின் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அது இல்லாவிட்டால் கருப்பட்டி இல்லை, கருப்பட்டி இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் சோறில்லை. இந்த ஊருக்கு வந்தபிறகுதான் அந்த மரத்தை வையிறவர்களைப் பார்த்தேன்.

மரம் வந்த கதை

சீமைக்கருவேல் நம் மண்ணின் மரம் இல்லை. பேரிலேயே 'சீமை' இருக்கிறது. மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கத்து மரம். வெள்ளைக்காரர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், இந்தியாவுக்கு வந்தது. விறகுப் பஞ்சத்துக்கும் வேலிக்கும் ஆகுமென்று பிறகு பல இடங்களில் விதை தூவினார்கள். தூவினவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்றைக்கு அடுப்பெரிக்க விறகில்லை என்பதும் உண்மைதானே.

வந்த மரம் போகவில்லை. அதன் நெற்று இனிக்கும். ஆடு விரும்பித் தின்னும். தின்ற விதை சாகாமல் புழுக்கையோடு விழுந்து முளைக்கும். வேர் வெகு ஆழம் போகும். மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும். தூரோடு பிடுங்கினால்தான் தீரும்.

அது கண்மாய்க்குள் எப்படி வந்தது? இதை எனக்குச் சொன்னது என் மாமியாரின் மாமியார். நாங்கள் அப்பத்தா என்போம். தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தார். "எங்க காலத்துல கண்மாய் உள்வாய் சுடுகாட்டுத் திடல் மாதிரி வெட்டவெளியா கெடக்கும்த்தா. கோடையில வீட்டுக்கு ஒரு ஆளு மண்வெட்டியோட போகணும். கரம்பையை வண்டியில அள்ளி வயலுக்கு அடிப்பாக. கண்மாய் ஆழமாகும், வயலு கொழுக்கும்" என்பார். இதுதான் குடிமராமத்து. இந்த வழக்கம் தேய்கிறதென்று 1858-இலேயே ஆங்கிலேயர் ஒரு சட்டம் போட்டார்கள். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தபிறகு கண்மாய்கள் அரசுக்குப் போயின. பெரியவை பொதுப்பணித்துறைக்கு, சின்னவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. "நம்ம கண்மாய்" என்றது "கவுருமெண்டுக் கண்மாய்" ஆனது. மண்வெட்டி எடுப்பது நின்றது. ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் முள் ஏறியது.

அப்பத்தாவுக்கு அந்த மரம் ஒரு திருடன். கண்மாயை அபகரித்தவன். சாகிறவரைக்கும் அந்த விறகில் சமைத்த சோற்றை "முள்ளுச்சோறு" என்றுதான் சொன்னார்.

குழு வந்த பிறகு

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் தொடங்கின. வங்கியோடு குழுக்களை இணைக்கும் திட்டத்தை நபார்டு 1992-இல் கொண்டுவந்தது. எங்கள் ஊரில் முதல் குழு 1999-இல். மாசம் இருபது ரூபாய் சேமிப்பு. பதினாறு பேர் சேர்ந்தோம். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் ஐந்து பேர். 2004-இல் எட்டுக் குழுக்கள் சேர்ந்து கூட்டமைப்பு ஆனோம்.

எட்டுக் குழுவில் ஐந்து, மிளகாய் போடுகிற வீட்டுப் பெண்கள். எங்கள் ஊர் குண்டு மிளகாயைத்தான் ராமநாதபுரம் முண்டு என்கிறார்கள். அதற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒன்று ஆடு வளர்ப்பவர்கள் குழு. இரண்டு, காணி நிலம் இல்லாத கரிமூட்டக் குழுக்கள்.

கரிமூட்டம் தெரியாத வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். சீமைக்கருவேலைத் துண்டு போட்டு, கூம்பாக அடுக்கி, மேலே இலை தழை போட்டு, மண் பூசி மூடி, உள்ளே தீ வைப்பார்கள். எரியக் கூடாது, புழுங்க வேண்டும். மண் வெடித்துக் காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். அதனால் பல நாள் ராத்திரி பகலாகக் காவல் இருக்க வேண்டும். புகைக்குள் நின்று, ஆறியபிறகு பிரித்து, சலித்து, மூட்டை கட்டுவது பெரும்பாலும் பெண்கள்.

அந்தக் குழுவில் ஒரு அக்கா. பேர் வேண்டாம். மூட்டக்கார அக்கா என்றே எழுதுகிறேன். முப்பது வயதில் புருஷனை இழந்தவர். இரண்டு பெண் பிள்ளைகள். "உங்களுக்கு அது முள்ளு மதினி. எனக்கு அது குலசாமி. மழை பெய்ஞ்சாலும் வளருது, பெய்யாட்டியும் வளருது. எந்தச் சாமி அப்படி இருக்கு?" என்பார். மூத்த பெண்ணை நர்சிங் படிக்க வைத்தது அந்த மரம்தான்.

ஒரே மரம். அப்பத்தாவுக்குத் திருடன், மூட்டக்கார அக்காவுக்குக் குலசாமி, ஆட்டுக்காரருக்குக் கோடைத் தீவனம், மிளகாய்க்காரருக்குத் தண்ணீரைக் குடிக்கிற பிசாசு, எனக்கு ஆத்தாவின் அடுப்பு. யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வாழ்ந்த வாழ்க்கை அவரவர் கண்ணில் நின்றது.

2016-17 வறட்சி

2016-இல் ஐப்பசி போனது, கார்த்திகை போனது, மழை இல்லை. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. எங்கள் கண்மாய்க்குள் ஊத்துத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மோந்து குடம் நிரப்பினோம். ஒரு குடம் ஊற இருபது நிமிஷம். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்குப் போய் வரிசை போடுவோம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அப்போது ஏழு மாசம்.

அந்த வருஷம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. வழக்கு அதன்பிறகும் நீண்டது. குடிமராமத்துத் திட்டத்தையும் அரசு அதே 2017-இல் தொடங்கியது. ஊரெல்லாம் ஒரே பேச்சு: மரத்தை எடுத்தால் மழை வரும், நிலத்தடி நீர் ஏறும். கண்மாயைச் சுத்தம் செய்ய ஒரு ஒப்பந்தக்காரர் வந்தார். கூட்டமைப்பு ஒரு தீர்மானம் போட்டுக் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும் என்றார்கள்.

சமுதாயக் கூடத்தில் கூட்டம். மிளகாய்க் குழுக்கள் ஒரே குரலில் "எடுக்கணும்" என்றார்கள். மூட்டக்கார அக்கா எழுந்தார். "எடுங்க. ஆனா ஒரேயடியா எடுக்காதீங்க. வரத்துக்காலையும் மடைப் பக்கத்தையும் மொதல்ல எடுங்க. மத்ததை நாங்க வருஷா வருஷம் வெட்டி, தூரோட பிடுங்கித் தாரோம். கூலி வேண்டாம், வெறகு எங்களுக்கு. மிஷினு விட்டா மேலதான் ஒடிக்கும். தூரு உள்ளதான் கெடக்கும்" என்றார்.

யாரும் காது கொடுக்கவில்லை. "உங்க பொழப்புக்காக ஊரு தண்ணியில்லாமச் சாகணுமா?" என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரல் என்னுடையது.

ஏன் அப்படிச் சொன்னேன்? விறகு பொறுக்கி வளர்ந்தவள் நான். மரத்தின் மேல் கோபமே இல்லாதவள். ஆனால் ஆறு மாசம் ராத்திரி இரண்டு மணிக்கு ஊத்தில் உட்கார்ந்தவளுக்குப் பழைய அடுப்பு மறந்துபோனது. தாகம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அனுபவம் பாடம் சொல்லித்தரும் என்கிறோம். புது அனுபவம் பழைய பாடத்தை அழித்தும் விடும் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

தீர்மானம் நிறைவேறியது. எழுதினதும் நான்தான். இயந்திரம் வந்தது. பதினைந்து நாளில் கண்மாய் வெட்டவெளியானது. அப்பத்தா இருந்திருந்தால் கண்குளிரப் பார்த்திருப்பார். விறகு லாரி லாரியாக வெளியூர் போனது. கரிமூட்டக் குழுக்களுக்கு மிஞ்சியது சுள்ளி.

வருஷக் கடைசியில் தணிக்கைக்காகக் கடன் பதிவேட்டை எடுத்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. வறட்சி ஆண்டில் மிளகாய்க் குழுக்கள் ஐந்தும் தவணை தவறியிருந்தன. ஆட்டுக் குழு பாதி கட்டியிருந்தது. கரிமூட்டக் குழுக்கள் இரண்டும் ஒரு தவணை விடாமல் கட்டியிருந்தன. அந்தப் பணத்தில்தான் கூட்டமைப்பு வங்கியில் பேர் கெடாமல் நின்றது. யாரைப் பார்த்து "உங்க பொழப்புக்காக" என்றேனோ, அவர்கள் புகையில் நின்று கட்டிய காசு எங்கள் எல்லாரையும் தாங்கியிருந்தது. பதிவேடு என் கையில்தான் இருந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் அதைத் திறந்து பார்த்திருக்கலாம்.

மறு வருஷம் கரிமூட்டக் குழுக்கள் தவணை தவறின. மூட்டக்கார அக்கா சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனார். போவதற்கு முன் வீட்டுக்கு வந்து மிச்சக் கடனைக் கட்டினார். தோட்டை விற்றிருந்தார். "கணக்கை முடிச்சிரு மதினி" என்றார். அவர் பேருக்கு எதிரே 'முடிந்தது' என்று எழுதினேன். என் கணக்காளர் வேலையில் நான் எழுதிய வார்த்தைகளில் இன்றைக்கும் உறுத்துவது அதுதான்.

அவர் சொன்னதுதான் நடந்தது. இயந்திரம் மேலே ஒடித்த மரங்கள் 2019 மழைக்குப் பிறகு தூரிலிருந்து துளிர்த்து, இரண்டு வருஷத்தில் ஆளுயரம் நின்றன.

மலையில் ஒரு ஊர்

பிறகு ஒரு பயிற்சிக்காக மதுரை போனபோது ரேணி கிராமத்தின் கதையைக் கேட்டேன். இமயமலையில், இப்போதைய உத்தரகாண்டில் உள்ள ஊர். அங்கே 1974 மார்ச் 26-ஆம் தேதி மரம் வெட்ட ஆட்கள் வந்தார்கள். ஊர் ஆண்களை நில இழப்பீடு வாங்கச் சமோலிக்கு வரச் சொல்லிவிட்டு, அந்த நாளில் வந்தார்கள். மகளிர் சங்கத் தலைவி கௌரா தேவி பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் மரங்களை மறித்து நின்றார். வெட்ட வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். சிப்கோ இயக்கம் என்று நாடு அறிந்தது அதைத்தான்.

பயிற்சியில் எல்லாரும் அவர்களின் வீரத்தைப் பேசினார்கள். எனக்கு மனசில் நின்றது வேறு. அதற்கு நாலு வருஷம் முன்பு, 1970 ஜூலையில், அளகநந்தாவில் பெரும் வெள்ளம் வந்தது. மேலே காடு வழிக்கப்பட்டால் கீழே என்ன ஆகும் என்று அந்தப் பெண்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். அதே ரேணி கிராமத்தை ஒட்டித்தான் 2021 பிப்ரவரி 7-ஆம் தேதி ரிஷிகங்கை வெள்ளம் வந்து மின் திட்டத்தையே அடித்துக்கொண்டு போனது.

அவர்களுக்கு மரம் காவல். எங்கள் கண்மாயில் மரம் அடைப்பு. மரம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. எந்த மரம், எந்த இடத்தில், யாருக்கு என்றுதான் கேட்க வேண்டும். அதற்கு எல்லாருடைய அனுபவத்தையும் கேட்டாக வேண்டும், குறிப்பாக நமக்குப் பிடிக்காத பதிலைச் சொல்கிறவரை.

மழை நோட்டு

2021 ஜனவரியில், பெய்யக் கூடாத தை மாசத்தில் மழை கொட்டியது. பூவும் காயுமாக நின்ற மிளகாய்ச் செடி அழுகியது. நாலு வருஷம் முன்பு மழை இல்லையென்று அழுத அதே பெண்கள் மழை பெய்ததற்காக அழுதார்கள். "மரத்தை எடுத்தா மழை வரும்னாக. வந்துருச்சு, இப்ப என்ன செய்ய?" என்று ஒரு அத்தை கேட்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. காலநிலை மாற்றம் என்று படித்தவர்கள் சொல்வது மழை குறைவது மட்டும் இல்லை, நேரம் தப்புவதும்தான் என்று எங்களுக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் பயிற்சியில் அந்த வார்த்தையைக் கேட்டுக் கொட்டாவி விட்டிருக்கிறோம்.

அந்த வருஷம் கூட்டமைப்பில் இரண்டு முடிவு எடுத்தோம்.

ஒன்று, மழை நோட்டு. ஒவ்வொரு குழுவும் மாசக் கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடித்ததும் ஒரு பக்கம் எழுத வேண்டும்: மழை எந்தத் தேதி பெய்தது, கண்மாயில் தண்ணி எந்தப் படி வரை, மிளகாய் எப்போது பூத்தது, ஊத்தில் குடம் நிரம்ப எவ்வளவு நேரம், ஆட்டுக்குத் தழை எங்கே கிடைத்தது. எழுதத் தெரியாதவர் சொல்லலாம், தெரிந்தவர் எழுதுவார். ஒருவரின் ஞாபகம் அவருடைய கஷ்டத்தின் பக்கமே சாயும். எட்டுக் குழுவின் ஞாபகத்தைச் சேர்த்து வைத்தால் கொஞ்சம் நேராக நிற்கும்.

இரண்டு, மூட்டக்கார அக்கா சொன்ன வழி. நாலு வருஷம் தாமதமாக. ஊராட்சியில் பேசி, துளிர்த்து வந்த மரங்களைக் கரிமூட்டக் குழுக்களே பகுதி பகுதியாக வெட்டி, தூரோடு பிடுங்க அனுமதி வாங்கினோம். வரத்துக்காலும் மடையும் முதலில். விறகு அவர்களுக்கு. கரையில் பனை விதை போட்டோம். அதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். பனை எங்கள் அய்யா ஏறிய மரம்.

2021 கடைசியில் பெய்த மழையில் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தது. சுத்தம் செய்த வரத்துக்கால் வழியே தண்ணீர் வந்ததைப் பார்க்க ஊரே கரையில் நின்றது. நாங்கள் சாதித்தோம் என்று சொல்ல மாட்டேன். அந்த வருஷம் மழை அதிகம். பிடுங்கின இடத்தில் மறுபடி விதை முளைக்கிறது, வருஷா வருஷம் பிடுங்க வேண்டியிருக்கிறது. கரிமூட்டக் குழு இரண்டு இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான்.

கலுங்கு வழிந்த அன்று திருப்பூருக்கு ஃபோன் போட்டேன். "அக்கா, நீங்க சொன்ன மாதிரி செஞ்சோம். தண்ணி வந்துருச்சு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தூரோட பிடுங்குனீகளா?" என்று கேட்டார். "பிடுங்குனோம்" என்றேன். "அப்பச் சரி" என்றார். அன்றைக்குக் கூட்டத்தில் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கத்தான் ஃபோன் எடுத்தேன். கேட்க வாய் வரவில்லை. இந்த மலர் அச்சானதும் ஒரு பிரதி அவருக்கு அனுப்பச் சொல்லித் தலைவியிடம் விலாசம் கொடுத்திருக்கிறேன்.

இனிமேல் பொறுப்புக்கு வருகிற தங்கச்சிகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். கண்மாய், மரம், மணல், மேய்ச்சல் பற்றி எந்தத் தீர்மானம் வந்தாலும், அதற்கு முந்தின நாள் இரண்டு புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஒன்று மழை நோட்டு, இன்னொன்று கடன் பதிவேடு. யார் என்ன பார்த்தார்கள் என்பது முதலாவதில் இருக்கும். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்பது இரண்டாவதில் இருக்கும். அப்புறம் கை தூக்குங்கள்.



— முன்னாள் கணக்காளர், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு